சுவர் ஈரம்

சுவர்கள் பேச ஆரம்பித்த பிறகு கல்யாணச் சந்தை நாறிப்போய்விட்டது. அதற்கு முன்னால் மட்டும் மணத்ததா என்று யாராவது கேட்டால், இல்லைதான். ஆனால் அப்போதெல்லாம் நாற்றம் அந்தந்த வீட்டுக்குள்ளேயே கிடந்தது. இப்போது அதைப் பெட்டியில் பிடித்து, காதில் மாட்டிக் கேட்டு, முத்திரை குத்தி, மாப்பிள்ளை வீட்டார் கையில் கொடுக்கிறார்கள். ஜாதகம், படிப்பு, நிறம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "சுவர் கேட்டாச்சா?" என்று ஒரு கேள்வி. பெண் எப்படிப்பட்டவள் என்று பெண்ணிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவளுடைய பாட்டனுக்குப் பூட்டன் என்ன பேசினான் என்று சுண்ணாம்பைப் போய்க் கேட்கிறார்கள்.

நீலாயதாட்சிக்கு இதுதான் பிழைப்பு. பெருந்துறைப்பட்டினம் தொடங்கி மாயவரம் வரைக்கும் சுவர் கேட்பதற்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். காதுப்பெட்டி என்று ஜனங்கள் சொல்லும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீட்டுப் பெரியவர்கள் முகம் வெளுத்துவிடும்.

சுண்ணாம்புச் சுவருக்கு ஒரு குணம். ஈரமாக இருக்கிற இரண்டு மூன்று நாள்தான் அது கேட்கும். காய்ந்து இறுகிவிட்டால் இடி விழுந்தாலும் உள்ளே போகாது. வீட்டுக்கு வெள்ளையடிப்பது எப்போது? பொங்கலுக்கு, இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு. ஆகவே, சுவரில் ஏட்டின் மேல் ஏடாகப் படிந்து கிடப்பதெல்லாம் நல்ல நாளில் மனிதர்கள் பேசிய பேச்சு. அந்த லட்சணத்தைத்தான் நீலா இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதிரசம் சுடுகிற சத்தத்துக்கு நடுவே மருமகளை அறைகிற சத்தம். கோலத்துக்கு மாவு அரைத்தபடியே நாத்தனாரின் கருவைக் கலைக்க யோசனை சொல்கிற குரல். வேலை முடிந்து வந்தால் சாப்பிடப் பிடிக்காமல் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

விஷயம் தெரிந்துபோனதால் ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள். வெள்ளையடித்த வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் உடனே ஒருவர் உதட்டில் விரலை வைத்து, "சுவர் ஈரம்" என்பார். அந்த இரண்டு மூன்று நாளும் வீடே தேனாக வழியும். மாமியார் மருமகளைக் கண்ணே என்பாள். பாத்திரம் தேய்க்கிறவளுக்குக்கூட, "வாங்கம்மா, சாப்டீங்களா?" என்று விசாரிப்பு நடக்கும். காய்ந்த மறுநாள் பழைய வாய் திரும்பி வந்துவிடும். இன்னும் சிலர், கேட்பவர் வருவதற்கு முன்பே இரகசியமாகச் சுவரைச் சுரண்டி வைப்பார்கள். அவர்களுக்குத் தொழிலில் சுரண்டிகள் என்று பெயர். மனித ஜாதியிலேயே மட்டமான பிறவி சுரண்டிதான் என்பாள் நீலா.

போன வருஷம் குழலி என்ற பெண்ணுக்காக ஒரு சுவர் கேட்டாள். குழலி நீலாவின் மகள் நிறைமதியோடு ஒரே வகுப்பில் படித்தவள். சுவரில் குழலியின் பூட்டன், தம்பி பெண்டாட்டிக்கு எதையோ பாலில் கலந்து கொடுத்ததைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். நீலா அப்படியே எழுதிக் கொடுத்தாள். கல்யாணம் நின்றது. குழலியின் அம்மா வந்து வாசலில் நின்று, "ஒரு வரி விட்டிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டாள். "சுவர் சொன்னதை மாத்த நான் யாரு?" என்றாள் நீலா. சொன்ன கையோடு உள்ளே போய்க் காப்பி போட்டுக் குடித்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு குழலி நிறைமதியோடு பேசுவதில்லை.

இப்போது நிறைமதிக்குக் கல்யாணம். பையன் மாயவரம். நல்ல பையன், நிறைமதி ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தவன். இவன் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். பையனின் அம்மா அபயாம்பாள் எதற்கும் ஆட்சேபம் சொல்லவில்லை. "சுவர் மட்டும் கேட்டுக் குடுத்துடுங்க" என்றாள். தன் வீட்டுச் சுவரைத் தானே கேட்கக் கூடாது என்பது தொழில் வழக்கம். நீலா அதைச் சொன்னபோது அபயாம்பாள் சிரித்தாள்.

"ஒங்களைவிட யோக்கியமான ஆளை நான் எங்க போய்த் தேடுறது சம்மந்தி? நீங்களே கேட்டு, நீங்களே கையெழுத்துப் போடுங்க. கஞ்சி வார்த்த குடும்பம். கேட்க என்ன இருக்கு."

கஞ்சி வார்த்தவர் நீலாவின் குடும்பத்து மூதாதை தில்லைநாயகம். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் ஈசல் மாதிரி செத்து விழுந்தபோது, வீட்டு வாசலில் தொட்டி கட்டி ஊருக்கே கஞ்சி ஊற்றியவர் என்பது குடும்பக் கதை. வீட்டுக்கே கஞ்சி வீடு என்று பெயர். நீலாவின் அண்ணன் காயாரோகணம் அந்த ஒரு பெயரை வைத்தே ஊரில் எல்லாப் பதவியும் பார்த்துவிட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் தில்லைநாயகத்துக்கு வாசலில் சிலை திறப்பதாக ஏற்பாடு. புருஷன் போன நாளிலிருந்து நீலாவும் மகளும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார்கள். தாய்மாமன் முறைக்கு எல்லாச் செலவும் அவருடையது. கூடத்துக்குப் பழைய முறைப்படி சுண்ணாம்பே அடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக அடித்திருந்தார். பின்னால் வரும் சந்ததி நம்முடைய நல்ல பேச்சைக் கேட்க வேண்டுமாம். கூடத்தில் கடந்து போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்து ஒரு திருவாசகம் சொல்லிவிட்டுப் போனார். பார்க்கவே கூசியது.

நீலா கேட்பதற்குத் தேர்ந்தெடுத்தது பின்கட்டில் இருந்த குதிர் அறையை. அந்தக் காலத்தில் கொல்லையைப் பார்த்துத் திறந்து கிடந்த தாழ்வாரம் அது. பின்னால்தான் அடைத்து, நெல்லுக் குதிர் வைத்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத்தைப் படிப்படியாகச் செதுக்கினாள். வெள்ளைக்குக் கீழே மஞ்சள், அதற்குக் கீழே நீலம், பச்சை என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு நிறம்.

"எப்படி மாமா சுவத்துல குரல் ஒட்டுது?" என்று கேட்டாள் நிறைமதி. அம்மாவின் தொழில் அவளுக்குத் தெரியாததல்ல. மாமாவைச் சீண்டத்தான் கேட்டாள்.

"ஒங்க அம்மாவையே கேளு. எனக்குக் கேக்க மட்டும்தான் தெரியும்."

"பால்ல ஏடு படியுறப்போ ஊதிப் பாத்திருக்கியா?" என்றாள் நீலா. "சுருக்கம் விழும் இல்ல? சுண்ணாம்பு காயுறப்போ காத்தைக் குடிச்சு ஏடு கட்டுது. அப்ப யாரு பேசினாலும் சுருக்கம் விழுது. கிட்டக்க பேசினா ஆழமா விழும், தூரத்துல பேசினா லேசா விழும். இந்தப் பெட்டி அந்தச் சுருக்கத்தைத் தடவிப் பாக்குது. அவ்வளவுதான்."

மேல் ஏடுகளை மாறி மாறிக் காதில் மாட்டிக் கேட்டபோது மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். மஞ்சளில் ஒரு சின்னத் தாத்தா, கல்யாணம் வேண்டாம் என்று குதிருக்குள் ஒளிந்துகொண்டு தும்மி மாட்டிக்கொள்கிறார். வெளியே நாதஸ்வரம் நிற்காமல் ஊதுகிறது. நீலத்தில் அமிர்தவல்லி என்றொரு அத்தை, திமிர் பிடித்த சம்பந்திக்குக் காப்பியில் விளக்கெண்ணெய் கலந்துவிட்டு அந்த வெற்றியைப் பாட்டாகவே பாடுகிறாள். பச்சையில் யாரோ ஒருவர் யாருமில்லாத அறையில் துரைமாரோடு இங்கிலீஷ் பேசிப் பழகுகிறார். எல்லாவற்றுக்கும் எஸ் சார், எஸ் சார்.

"நம்ம வீட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரும் ஒரு ரகம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் காயாரோகணம். "அடியில பாரு, நம்ம தில்லைநாயகம் இருப்பாரு. மக கல்யாணத்துக்குப் பூசின சுவரு. பஞ்சத்துலயும் குறை வைக்கல. வெல்லம், முட்டை, கடுக்காய் எல்லாம் போட்டு இழைச்சது. கண்ணாடி மாதிரி மின்னும்."

அந்த நேரம் பார்த்து ரவிக்கை தைப்பவள் வந்தாள். நிறைமதி எழுந்து போனாள். நீலா கடைசி ஏட்டில் முனையை வைத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

முதலில் பேச்சே இல்லை. சளப் சளப் என்று ஈரமான ஒரு சத்தம். நாய் தட்டை வழிக்கிற மாதிரி. சுவருக்கு ஒட்டி, மிக மிக அருகில். பெட்டியில் கோளாறோ என்று முனையைத் துடைத்து மறுபடி வைத்தாள். அதே சத்தம். ஒன்றல்ல, இரண்டு மூன்று இடத்திலிருந்து.

பிறகு, காதுக்குள்ளேயே உதட்டை வைத்துச் சொன்னது போல் ஒரு சின்னப் பெண்ணின் குரல். "அக்கா, இனிக்குது."

"சத்தம் போடாத. நக்கு."

நீலா முனையை இன்னும் அழுத்திப் பிடித்தாள். இருபது வருஷத்தில் கொலைகாரன் குரலைக் கேட்டிருக்கிறாள். சுவரை நக்குகிற நாக்கைக் கேட்டதில்லை.

தூரத்திலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. "ஏலே, அங்க பாரு, செவுத்துல வாயை வைக்குதுங்க. அடிச்சு வெரட்டு. வழவழப்புப் போயிரும்." தடி விழுகிற சத்தம். ஓடுகிற சத்தம். ஒரு கால் மட்டும் ஓடவில்லை. அதன் மேல் தடி இன்னும் சில தடவை விழுந்தது.

அப்புறம் அந்தக் குரல் நெருங்கி வந்தது. தில்லைநாயகம் நிதானமாக, வெற்றிலை மென்றுகொண்டே யாருக்கோ தொழில் சொல்லிக் கொடுக்கிறார்.

"கஞ்சிக்கு எதுக்குய்யா அவ்வளவு அரிசி? ஒரு கை சுண்ணாம்பை அள்ளிப் போட்டுக் கலக்கு. வெள்ளையா இருக்கும். வயிறு எரியும், ஆனா நெறஞ்ச மாதிரித் தெரியும். ரெண்டு நாளைக்கு ஊத்து. மூணாம் நாள் தொட்டியைக் கவுத்திட்டு, கஞ்சி கப்பல்ல இருக்குன்னு சொல்லு. தீவுத் தோட்டத்து வேலைக்குத் தானா ஏறுவானுங்க. துரைக்கு நிக்கத் தெம்பு இருக்குறவன் போதும். பிள்ளையத் தூக்கிட்டு வர்றவளை சேக்காத. கரையில எறக்கி வெச்சிட்டு வந்தான்னா சேத்துக்க."

கேட்டவன் ஏதோ முனகினான்.

"என்னய்யா பாவம்? இங்கேயே கெடந்தா சாவான். கப்பல்ல ஏறினா யாருக்காவது லாபம்." பிளிச்சென்று வெற்றிலை எச்சில் துப்புகிற சத்தம். பிறகு கொத்தனாரைப் பார்த்து, கரிசனமாக: "வெல்லம் காணுமா? இன்னும் ரெண்டு உருண்டை போட்டுக்க. கொழந்தை கல்யாணம்."

நீலா காதிலிருந்து பிடுங்கிப் போட்டாள். காயாரோகணம் எடுத்து மாட்டிக் கேட்டார். அவர் முகம் சுருங்கியது உண்மை. ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்கூட அந்தச் சுருக்கம் நிற்கவில்லை.

"பஞ்சக் காலம் நீலா. அன்னிக்கு எல்லாரும் அப்படித்தான் இருந்தான்."

"சுவருக்கு வெல்லம், ஜனங்களுக்குச் சுண்ணாம்பு. எல்லாருமா அண்ணே அப்படி இருந்தாங்க?"

"மெதுவாப் பேசு. கூடம் ஈரம்." குரலைத் தாழ்த்தினார். "நீ போய் மூஞ்சி கழுவிட்டு வா. சம்மந்தியம்மா வர்ற நேரம்."

நீலா கொல்லைக் குழாயடிக்குப் போய்க் குனிந்தாள். காலையில் தின்றது எல்லாம் வந்தது. சீ, என்ன வீடு இது. சின்ன வயசில் இந்தச் சுவரின் வழவழப்பில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். கோடையில்கூடச் சில்லென்றிருக்கும். அந்த இடத்தில்தான் நாக்குகள் பட்டிருக்கின்றன. வாயை எத்தனை தரம் கொப்பளித்தும் தித்திப்பு போகவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் திரும்பி வந்தபோது அபயாம்பாள் வந்து இறங்கியிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து மனசு விட்டுப் பேச முடியாதே என்று காயாரோகணம் எல்லோரையும் குதிர் அறைக்கு அழைத்துப் போனார். ஒரே ஒரு சின்ன ஜன்னல் இருக்கிற இருட்டு அறை. நீலா காலையில் உட்கார்ந்திருந்த அதே முக்காலியில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். முதுகு சில்லென்றது; இந்தச் சுவர் எப்போதும் அப்படித்தான். அபயாம்பாளுக்கு முறுக்குத் தட்டு வந்தது.

"கேட்டாச்சா சம்மந்தி?"

"அமோகம்" என்றார் காயாரோகணம்.

"இல்ல" என்றாள் நீலா. ஒன்று விடாமல் சொன்னாள். நாக்கு, தடி, கஞ்சி, கப்பல், கரையில் இறக்கி வைத்த பிள்ளைகள். சொல்லச் சொல்ல அபயாம்பாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளாவது ஒரு சீ சொல்லட்டும், இந்தக் கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் மனசார நினைத்தாள். அபயாம்பாள் முறுக்கை மெல்லுவதை நிறுத்தவில்லை.

"வெல்லம் போட்டா சாந்து நல்லாப் புடிக்கும்தான்" என்றாள், தின்று முடித்து. "பொழைக்கத் தெரிஞ்ச மனுஷன். எங்க வீட்டுல மட்டும் என்ன வாழுதுன்னு நெனைக்கிறீங்க? எங்க மாமனார் சுவரையே இடிச்சுத் தள்ளிட்டுக் கண்ணாடி வெச்சிட்டாரு. இல்லாட்டி எங்க பையனுக்கு யாரு பொண்ணு குடுப்பா."

"அப்ப எதுக்கு எங்க சுவரைக் கேக்கச் சொன்னீங்க?"

"ஊருக்குக் காட்ட ஒரு சான்று வேணாமா? கஞ்சி வார்த்த வீட்டுப் பொண்ணுன்னு பத்திரிகைலயே போட்டாச்சு. நாளைக்கு வேற மாதிரி வந்தா எங்க பக்கத்து ஜனம் சும்மா விடாது. அப்புறம் நானே நெனைச்சாலும் நடத்த முடியாது, சொல்லிட்டேன். பையன் அழுவான். ஒங்க பொண்ணும் அழுவா. செத்துப்போன பரதேசிங்களுக்காக இருக்குறதுங்களை அழ வெக்கணுமா?"

பரதேசிங்க. அந்த வார்த்தை நீலாவின் காதில் எச்சில் மாதிரி விழுந்தது. தில்லைநாயகத்தின் குரலுக்கும் இந்தக் குரலுக்கும் ஒரு வித்தியாசமும் அவளுக்குத் தெரியவில்லை. வெற்றிலைக்குப் பதில் முறுக்கு, அவ்வளவுதான். எழுந்து அந்தத் தட்டைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். ஆனால், இவன் இல்லையென்றால் வேண்டாம் என்று சொன்ன மகளின் முகம் குறுக்கே வந்தது. முப்பது வயசுக்கு மேல் அந்தப் பெண் முதன்முதலாகச் சிரித்த முகம்.

"என்னம்மா எழுதப் போறே? வாயாலதான் சொல்லேன், சம்மந்தியம்மா கேட்டுக்கட்டும்" என்றார் அண்ணன்.

நீலா சொன்னாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "பஞ்சத்துல பசிச்சவங்களுக்குக் கஞ்சி வார்த்த குடும்பம். நான் கேட்ட வரைக்கும் குறை ஒண்ணும் இல்ல."

"கையெழுத்து?"

"போடுறேன்."

"அந்த நாக்கு விஷயம் நம்ம மூணு பேரோட போகட்டும்" என்று அபயாம்பாள் எழுந்து புடவையில் ஒட்டிய முறுக்குத் தூளைத் தட்டிவிட்டாள். அண்ணன் அவளை வழியனுப்பப் போனார். வாசலில் அவர் சத்தமாகத் திருவாசகம் சொல்வது கேட்டது.

நிறைமதி புது வளையல் குலுங்க உள்ளே வந்தாள். "கெளம்பிட்டாங்களா? என்னம்மா, இப்படி இருண்டு போய் உக்காந்திருக்கே." கையைப் பிடித்து எழுப்பினாள். எழுப்பிய கை அம்மாவின் முதுகில் பட்டு நின்றது. "முதுகெல்லாம் சுண்ணாம்பும்மா."

நீலா திரும்பிப் பார்த்தாள். காலையில் அவள் செதுக்கிய சதுரம் அங்கே இல்லை. பச்சையும் நீலமும் மஞ்சளும் மறைந்து, அதன் மேல் வெள்ளைச் சாந்து அப்பிக் கிடந்தது. நடுவில் அவளுடைய புடவை நெசவு பதிந்திருந்தது. அவள் கொல்லையில் குனிந்திருந்த நேரத்தில் அண்ணன் கூடத்தில் மிச்சமிருந்த சுண்ணாம்பு வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வந்து அப்பியிருக்கிறார். கூடத்துச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் திருவாசகம் சொன்ன மனிதருக்கு, தன் கையால் அப்பியதும் ஈரச் சுவர்தான் என்று தோன்றவில்லை. இருபது வருஷம் தொழில் செய்தவளும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, நாக்கைப் பற்றியும் கஞ்சியைப் பற்றியும் பேசி, பொய்யையும் வாய்விட்டுச் சொல்லி முடித்திருக்கிறாள். முழத்துக்குள் பேசிய பேச்சு. சுருக்கம் ஆழமாகவே விழுந்திருக்கும்.

காலையில் சுவரைச் செதுக்கிய கரண்டி காதுப்பெட்டி மேலேயே இருந்தது. யோசிக்கவில்லை, கை தானாகப் போய் எடுத்தது. சாந்தின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். ஒரு துணுக்குப் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது.

நிறைமதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னம்மா பண்றே?"

நீலா கரண்டியை விடவில்லை. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதற்குத் தொழிலில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் நெஞ்சில் வந்து நின்றது. தில்லைநாயகத்தைக் கேட்டபோது வந்ததைவிடப் பெரிய அருவருப்பு இப்போது தன் கையைப் பார்த்து வந்தது.

நிறைமதி சாந்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தட்டில் மிச்சமிருந்த முறுக்கையும் பார்த்தாள். சுவர் கேட்பவளின் மகள். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"குழலியோட அம்மா வந்து கேட்டப்போ நீ என்ன சொன்னே?"

"மதி, ஒனக்காகத்தான்..."

"எனக்காகன்னா எனக்குத் தெரியணும் இல்ல." கரண்டியை அம்மாவின் விரல்களிலிருந்து மெதுவாக விடுவித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. காதுப்பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"காயட்டும்மா. முகூர்த்தத்துக்கு முன்னாடி காஞ்சிடும். நானே கேட்டுக்குறேன்."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.